இப்பர்வாஷும் கலிடோனியாவும்: பூர்வகுடி நிலம், பொலிஸ், அரசியல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் எங்காவது பூர்வகுடி மக்கள் சாலையையோ ரயில் பாதையையோ மறித்தார்கள் என்ற செய்தி வந்தால், ஒன்ராறியோவில் வாழும் தமிழ் வீடுகளிலும் பேச்சு தொடங்கிவிடும். "இவர்களுக்கு இப்போது என்ன வேண்டுமாம்?", "பொலிஸ் ஏன் சும்மா நிற்கிறது?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். இந்த நாட்டுக்கு நாம் வருவதற்கு முன் நடந்த கதையை யாரும் நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் கதையில் நான் நன்றாக அறிந்த பகுதியை, என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளின் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

இப்பர்வாஷ் எங்கே இருக்கிறது? அங்கே நடந்தது என்ன?

ஒன்ராறியோவின் தென்மேற்கில், சார்னியா நகருக்கு வடகிழக்கே, ஹியூரன் ஏரிக் கரையில் இருக்கிறது. அழகான மணற்கடற்கரை. அங்கே ஒரு மாகாணப் பூங்காவும், அதை ஒட்டி ஒரு ராணுவ முகாமும் இருந்தன. இரண்டுமே ஸ்டோனி பொயின்ற் என்ற பூர்வகுடிக் கிராமத்தின் நிலம். 1995 செப்டெம்பர் 4ஆம் திகதி, அந்த நிலத்தின் வழித்தோன்றல்கள் சிலர் பூங்காவுக்குள் போய் அமர்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து, செப்டெம்பர் 6 இரவு, மாகாணப் பொலிஸ் சுட்டதில் டட்லி ஜோர்ஜ் என்பவர் உயிரிழந்தார். அவருக்கு வயது 38. கனடாவில் நில உரிமைத் தகராறு ஒன்றில் பூர்வகுடி மனிதர் ஒருவர் கொல்லப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

அந்த நிலம் அவர்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?

அரசே கையெழுத்திட்ட உடன்படிக்கை. 1827இல் சிப்பேவா என்ற அந்தப் பூர்வகுடி மக்கள் சுமார் 21 இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பிரித்தானிய முடியாட்சிக்கு விட்டுக்கொடுத்தார்கள். தங்களுக்கென்று அவர்கள் வைத்துக்கொண்டது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நான்கு சிறு துண்டுகள். அவற்றில் ஒன்று ஸ்டோனி பொயின்ற், இன்னொன்று அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கெட்டில் பொயின்ற். நூற்றில் தொண்ணூற்றொன்பதைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டவர்களிடமிருந்து அந்த ஒன்றையும் எடுத்த கதைதான் இனி வருவது.

முதலில் ஏரிக்கரை போனது. 1928இல் ஸ்டோனி பொயின்ற்றின் கரையோர நிலம் 377 ஏக்கர், ஏக்கருக்கு ஏறக்குறைய 35 டொலர் வீதம் வெள்ளையர் ஒருவருக்கு விற்கப்பட்டது. அதில் 109 ஏக்கரை 1936இல் மாகாண அரசு 10,000 டொலருக்கு வாங்கிப் பூங்கா அமைத்தது. மறு ஆண்டே அந்த மக்களின் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது: பூங்காவுக்குள் எங்கள் முன்னோரின் இடுகாடு இருக்கிறது, அதை வேலி போட்டுக் காத்துத் தாருங்கள். வேலி போடப்படவில்லை. கடிதங்கள் மட்டும் கோப்புகளில் கிடந்தன.

ராணுவ முகாம் எப்படி வந்தது?

1942இல் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பயிற்சி முகாமுக்கு இடம் தேடிய பாதுகாப்புத் துறை, ஸ்டோனி பொயின்ற்றில் எஞ்சியிருந்த நிலத்தைக் கேட்டது. ஏக்கருக்கு 15 டொலர் தருவதாகச் சொன்னது. அந்த மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 59 பேர் தர மறுத்தார்கள், 13 பேர் சம்மதித்தார்கள். மக்கள் வாக்களித்து "இல்லை" என்று சொன்ன பிறகு, ஏப்ரல் 14ஆம் திகதி, மத்திய அரசு போர்க்கால அதிகாரச் சட்டத்தைக் கையிலெடுத்து 2,240 ஏக்கரையும் பறித்துக்கொண்டது.

வீடுகள் சில இடிக்கப்பட்டன. சில வீடுகளைப் பெயர்த்து இழுத்துக்கொண்டுபோய் கெட்டில் பொயின்ற்றில் வைத்தார்கள். ஒரு கிராமத்தை இன்னொரு கிராமத்தின் மேல் இறக்கிவைத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே சிறிய நிலம், அதில் இரண்டு ஊர்ச் சனம். அந்த இரு ஊராருக்கும் இடையில் அன்று விழுந்த விரிசல் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஆறாமல் இருந்தது. 1995இல் யாரோடு பேச்சுவார்த்தை நடத்துவது என்று அரசு தடுமாறியதற்கும், போராடியவர்களுக்கு அதிகாரபூர்வ சபையின் ஆதரவு இல்லாமல் போனதற்கும் வேர் இங்கேதான்.

அதே காலத்தில் அந்தக் கிராமத்து இளைஞர்கள் கனடாவின் சீருடை அணிந்து ஐரோப்பாவில் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளிஃபர்ட் ஜோர்ஜ் அவர்களில் ஒருவர். போர் முடிந்து திரும்பியபோது அவருடைய ஊர் ராணுவ முகாமாகியிருந்தது. கிழவரான பிறகு, 1990களில், தன் சொந்த மண்ணில் போய்க் குந்தியவர்களோடு அவரும் குந்தினார்.

போர் முடிந்து ராணுவத்துக்குத் தேவைப்படாவிட்டால் நிலத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுவோம் என்று அரசு எழுத்தில் சொல்லியிருந்தது. போர் 1945இல் முடிந்தது. முகாமோ கோடைகாலத்தில் மாணவர் படைப் பயிற்சி நடத்தும் இடமாக 1990கள் வரை நீடித்தது. 1980களின் தொடக்கத்தில் சுமார் 25 இலட்சம் டொலர் இழப்பீடு கொடுத்தார்கள். நிலத்தைக் கொடுக்கவில்லை.

அநீதி என்றால் நீதிமன்றம் போயிருக்கலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழர் இல்லை. பதில் தெரிந்ததும் அமைதியாகிவிடாதவரும் இல்லை.

1927 முதல் 1951 வரை கனடாவில் ஒரு சட்டம் இருந்தது. பூர்வகுடி மக்கள் நில உரிமைக் கோரிக்கைக்காகப் பணம் திரட்டுவதும், அதற்காக வழக்கறிஞருக்குப் பணம் கொடுப்பதும், அரசின் அனுமதி இல்லாவிட்டால் குற்றம். இப்போது மேலே உள்ள ஆண்டுகளைத் திரும்பப் பாருங்கள். 1928இல் ஏரிக்கரை போனது, 1936இல் பூங்கா வந்தது, 1942இல் கிராமமே போனது. மூன்றும் அந்தத் தடைக் காலத்துக்குள் நடந்தவை. பாராளுமன்ற உறுப்பினரிடம் முறையிடலாம் என்றால் வாக்குரிமை வேண்டும். பூர்வகுடி அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமல் மத்திய தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு 1960இல்தான் கிடைத்தது.

கதவுகளையெல்லாம் பூட்டிவிட்டு, ஏன் கதவு வழியாக வரவில்லை என்று கேட்பது நியாயமாகுமா?

1995இல் அவர்கள் செய்தது ஆக்கிரமிப்பு அல்லவா?

செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதின. நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. பறிக்கப்பட்ட வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கு நம் மொழியில் மீட்பு என்று ஒரு சொல் இருக்கிறது.

அவர்கள் திடீரென்று குதிக்கவும் இல்லை. 1993 மே மாதம் முகாமின் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் கூடாரம் அடித்துக் குடியேறினார்கள். அடுத்த ஆண்டு, முகாமை மூடப்போவதாக மத்திய அரசே அறிவித்தது. அறிவிப்போடு நின்றுவிட்டது. 1995 ஜூலை 29 அன்று அவர்கள் முகாமின் கட்டடங்களுக்குள் நுழைந்தபோது ராணுவம் சண்டையிடாமல் வெளியேறியது. செப்டெம்பர் 4 தொழிலாளர் தினம். அன்று மாலை கோடைகாலம் முடிந்து பூங்கா மூடப்பட்ட பிறகு, விருந்தினர்கள் எல்லோரும் போன பிறகு, பெண்களும் பிள்ளைகளுமாகச் சுமார் முப்பது நாற்பது பேர் உள்ளே போனார்கள். அவர்கள் யாருடைய விடுமுறையையும் கெடுக்கவில்லை. இடுகாடு இருக்கும் வெறுமையான பூங்காவில் அமர்ந்தார்கள்.

அப்படியானால் இரண்டே நாளில் துப்பாக்கிச் சூடு வரை போனது எப்படி?

இந்த விவகாரத்தின் மையம் இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாகாணப் பொலிஸின் தொடக்கத் திட்டம் நல்ல திட்டம். சுற்றிவளைத்து நிற்பது, அமைதியாகப் பேசுவது, அவசரப்படாமல் இருப்பது. இதற்கிடையே மாகாண அரசு நீதிமன்றத்தில் தடையாணை கேட்டிருந்தது. அந்த மனு செப்டெம்பர் 7ஆம் திகதி காலை சார்னியாவில் விசாரணைக்கு வரவிருந்தது. அந்த ஓர் இரவு கடந்திருந்தால் விஷயம் நீதிபதியின் கைக்குப் போயிருக்கும்.

செப்டெம்பர் 6 மாலை, பூங்காவுக்கு வெளியே ஒரு வாய்த்தகராறு. உள்ளூர்ப் பூர்வகுடிச் சபையின் உறுப்பினர் ஒருவருக்கும் போராட்டக்காரர் ஒருவருக்கும் இடையில், உறவுக்காரர்களுக்குள் நடந்த சண்டை. ஒரு கல் பறந்து கார்மேல் பட்டது. அந்தச் செய்தி வாய்க்கு வாய் மாறிப் பொலிஸ் கட்டளைக் கூடாரத்தை அடைந்தபோது, யாரோ ஒரு பெண்ணின் காரைப் போராட்டக்காரர்கள் மட்டைகளால் அடித்து நொறுக்கினார்கள் என்று ஆகிவிட்டது. யாரும் சரிபார்க்கவில்லை. அந்தத் தவறான செய்தியை நம்பி, இரவு பதினொரு மணி நெருங்கும் நேரத்தில், தலைக்கவசமும் கேடயமும் தடியுமாக முப்பதுக்கும் மேற்பட்ட பொலிஸார் பூங்கா வாசலை நோக்கி அணிவகுத்து நடந்தார்கள். அவர்களுக்குக் காவலாக, துப்பாக்கி ஏந்திய சிறப்புப் படை இருட்டில் பக்கவாட்டில் நகர்ந்தது.

இருட்டு. கேடயங்களில் தடி மோதும் ஓசை. உள்ளிருந்து வந்து பேச முயன்ற ஒருவரைப் பொலிஸார் சூழ்ந்து தாக்கினார்கள். அவரைக் காப்பாற்ற ஒரு பழைய பள்ளிப் பேருந்தையும் காரையும் போராட்டக்காரர்கள் வெளியே ஓட்டி வந்தார்கள். பேருந்தை ஓட்டியவன் 16 வயதுப் பையன். பொலிஸார் சுட்டார்கள். பையனுக்குக் காயம். டட்லி ஜோர்ஜின் நெஞ்சில் குண்டு.

அடுத்து நடந்ததை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது. ஆம்புலன்ஸ் உள்ளே வரவில்லை. உடன்பிறந்த இருவரும் இளவயது உறவுப் பையன் ஒருவனும் டட்லியை ஒரு வெள்ளைக் காரின் பின்னிருக்கையில் கிடத்தி, ஸ்ட்ராத்ரோய் மருத்துவமனைக்கு ஓட்டினார்கள். பையன் பின்னால் உட்கார்ந்து காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். வழியில் டயர் காற்றுப் போனது. ஒரு பண்ணை வீட்டில் நிறுத்தி உதவி கேட்டார்கள். காத்திருக்க முடியாமல் காற்றில்லாத டயரோடே மீண்டும் ஓட்டினார்கள். மருத்துவமனை வாசலில் பொலிஸார் காத்திருந்து அவர்களைக் கைது செய்தார்கள். டட்லி இறந்தாரா பிழைத்தாரா என்று தெரியாமலே உடன்பிறந்தோர் விலங்கோடு கொண்டுசெல்லப்பட்டார்கள். நள்ளிரவு தாண்டி 12.20க்கு டட்லி இறந்துவிட்டதாக மருத்துவர் அறிவித்தார். தடையாணை மனு சில மணி நேரம் கழித்து, குறித்தபடி, விசாரணைக்கு வந்தது.

போராட்டக்காரர்களிடம் துப்பாக்கி இருந்ததா?

இல்லை. சுட்டவர் சிறப்புப் படையின் பதில் சார்ஜன்ட் கென்னத் டீன். டட்லியின் கையில் துப்பாக்கியைப் பார்த்ததாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். நீதிபதி ஹியூ ஃபிரேசர் அதை நம்பவில்லை. டட்லி ஆயுதம் இல்லாதவர் என்பது சுட்டவருக்குத் தெரியும் என்றும், துப்பாக்கிக் கதை பிறகு புனையப்பட்டது என்றும் 1997இல் தீர்ப்பளித்தார். மரணம் விளைவித்த குற்றவியல் கவனக்குறைவு என்ற குற்றம் நிரூபணமானது. தண்டனை: இரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு, அதையும் சிறைக்கு வெளியே கழிக்கலாம், கூடவே 180 மணி நேரச் சமூக சேவை. ஓர் உயிருக்கு அவ்வளவுதான் விலை வைத்தார்கள். டீன் 2006இல், பொது விசாரணையில் சாட்சியம் அளிப்பதற்கு முன், கார் விபத்தில் இறந்தார்.

சுடச் சொல்லி மாகாண முதல்வர் கட்டளையிட்டாரா?

அப்படி ஒரு கட்டளைக்குச் சான்று கிடைக்கவில்லை. பின்னர் நடந்த பொது விசாரணையும் அதைத் தெளிவாகச் சொன்னது. ஆனால் கேள்வி அத்தோடு முடிவதில்லை.

முதல்வர் மைக் ஹரிஸின் அரசு பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டெம்பர் 6 பகலில் முதல்வர் அலுவலகத்தை ஒட்டிய உணவறையில் ஒரு கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் முதல்வர், கெட்ட வார்த்தை சேர்த்து, "அந்த இந்தியர்கள் பூங்காவை விட்டு வெளியேற வேண்டும்" என்று பூர்வகுடி மக்களைக் குறித்துச் சொன்னதாக அவருடைய சொந்த அமைச்சரவையின் சட்டமா அதிபராக இருந்த சார்ள்ஸ் ஹார்னிக் சத்தியம் செய்து சாட்சியம் அளித்தார். ஹரிஸ் மறுத்தார். விசாரணை ஆணையர் சிட்னி லிண்டன் இருவரின் சாட்சியத்தையும் எடைபோட்டு, முதல்வர் அப்படிச் சொன்னார் என்றே முடிவுக்கு வந்தார்.

அந்த அறையில் அரசுப் பணிக்கு அமர்த்தப்பட்டிருந்த பொலிஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். அங்கிருந்து வெளியேறிய ஓர் அதிகாரி, களத்தில் கட்டளையிடும் ஜோன் கார்சனைத் தொலைபேசியில் அழைத்து அரசின் மனநிலையைச் சொன்னார். ஆளும் கட்சியின் உள்ளூர்ச் சட்டமன்ற உறுப்பினர் பொலிஸ் கட்டளைக் கூடாரத்துக்கே போய் வந்தார். யாரும் "சுடு" என்று சொல்ல வேண்டியதில்லை. மேலிடத்துக்குப் பொறுமை இல்லை என்று கீழே இருப்பவருக்குத் தெரிந்தாலே போதும். ஐம்பது ஆண்டு அரசுகள் தூங்கிய விவகாரத்தை ஐம்பது மணி நேரத்தில் முடிக்கப் பொலிஸை நெருக்கியதுதான் அன்றைய குற்றம் என்பது என் உறுதியான எண்ணம்.

அரசு பொலிஸுக்கு எதுவுமே சொல்லக் கூடாதா?

சொல்லலாம். இன்ன கொள்கை, இன்ன முன்னுரிமை என்று அமைச்சர் சொல்லலாம். யாரை, எப்போது, எப்படிக் கைது செய்வது என்பது பொலிஸின் முடிவு. எல்லைக்கோடு எங்கே என்பதில் சட்ட அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. லிண்டனின் பரிந்துரை எளிமையானது: அமைச்சர் பொலிஸுக்கு எதையேனும் பணித்தால் அது எழுத்தில் இருக்கட்டும், மக்களுக்குத் தெரியட்டும்.

பொலிஸாரிடம் இனவெறி இருந்ததா?

அவர்களின் சொந்த ஒலிப்பதிவே சொல்கிறது. சூட்டுக்கு முந்தைய நாள், தாங்கள் பதிவாவது தெரியாமல் பேசிய இரு பொலிஸார், பூர்வகுடி மக்களைக் கொச்சையாகத் திட்டியதோடு, பியர் வைத்துப் பொறி வைத்துப் பிடிக்கலாம் என்றும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பதிவு 2004இல்தான் வெளியே வந்தது. சூட்டுக்குப் பிறகு சில பொலிஸார் நினைவுப் பொருளாகக் குவளைகளும் டீ ஷர்ட்டுகளும் செய்துகொண்டார்கள். குவளையில் பொலிஸ் சின்னத்தோடு ஓர் அம்பு. ஒரு மனிதன் செத்த இடத்திலிருந்து நினைவுப் பொருள் செய்து, அதில் காப்பி குடிக்கும் மனதை எந்தப் பயிற்சிக் கையேடு திருத்தும்?

பொது விசாரணைக்கு ஏன் எட்டு ஆண்டு ஆனது?

ஹரிஸ் அரசு மறுத்துக்கொண்டே இருந்தது. டட்லியின் அண்ணன் சாம் ஜோர்ஜ் விடவில்லை. அவர் அரசியல்வாதி அல்லர், குரல் உயர்த்திப் பேசுபவரும் அல்லர். முதல்வர்மேல் வழக்குத் தொடுத்தார். பொது விசாரணை வைத்தால் வழக்கைக் கைவிடுகிறேன் என்றார். சமரசமாகப் பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கும் வழியை அவர் நாடவில்லை. 2003இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு விசாரணையை அறிவித்தது, அவரும் சொன்னபடி வழக்கைக் கைவிட்டார். 2007 மே 31 அன்று லிண்டனின் அறிக்கை வெளிவந்தது. மத்திய அரசு, மாகாண அரசு, பொலிஸ் மூன்றுமே பொறுப்பு என்றது. சுமார் நூறு பரிந்துரைகள் செய்தது. சாம் 2009 ஜூனில் காலமானார்.

இப்பர்வாஷ் சம்பவத்துக்குப் பிறகு பொலிஸ் மாறியதா?

மாறியது, அந்த மாற்றம் முதலில் சோதிக்கப்பட்ட இடம் கலிடோனியா.

கிராண்ட் ஆற்றின் கரையில் ஹமில்ரனுக்குத் தெற்கே உள்ள சிற்றூர் அது. அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரித்தானியர் பக்கம் நின்று தாய்நிலத்தை இழந்த ஹோடனோஷோனி என்ற ஆறு இனத்தாருக்கு, 1784இல் ஆளுநர் ஹால்டிமண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகல நிலத்தை எழுதிக்கொடுத்தார். ஏறக்குறைய 9,50,000 ஏக்கர். இன்று அவர்களிடம் மிஞ்சியிருப்பது சுமார் 46,000 ஏக்கர். கலிடோனியா நிலத்தை 1841இல் அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்கிறது அரசு. குத்தகைக்கு விடத்தான் சம்மதித்தோம், விற்கவில்லை என்கிறார்கள் அவர்கள். 1995 முதல் வழக்கு நடக்கிறது.

2006 பெப்ரவரி 28 அன்று, டக்ளஸ் கிரீக் என்ற புதிய வீட்டுத் திட்ட மனையில் அவர்கள் அமர்ந்தார்கள். நீதிமன்றம் வெளியேறச் சொன்னது. ஏப்ரல் 20 விடியுமுன் பொலிஸார் உள்ளே புகுந்து கைது செய்தார்கள். சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்து நிலத்தைத் திரும்பப் பிடித்தார்கள், நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. அந்த ஒரு காலைக்குப் பிறகு பொலிஸ் பின்வாங்கி நின்றது. பூர்வகுடித் தகராறுகளில் முதலில் பேச்சு, கடைசியிலேயே பலம் என்ற புதிய வழிமுறையை அது அந்த ஆண்டே வகுத்துக்கொண்டது. இரு தரப்போடும் பேசுவதற்கென்றே தனி அலுவலர் குழுக்கள் வைத்தது. கலிடோனியாவில் உயிர் போகவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

கலிடோனியாவில் வாழ்ந்த வெள்ளையர்கள் பாதிக்கப்படவில்லையா?

பாதிக்கப்பட்டார்கள், அதை மறைப்பது நேர்மையல்ல. சாலைத் தடுப்புகளால் கடைகள் வியாபாரம் இழந்தன. மின் நிலையம் ஒன்று எரிக்கப்பட்டு ஊர் இருளில் மூழ்கியது. தடுப்பை ஒட்டிய வீடுகளில் இருந்தவர்கள் அச்சத்தோடு வாழ்ந்தார்கள். அழைத்தால் பொலிஸ் வருவதில்லை என்று புலம்பினார்கள். கட்டுமானத் தொழிலாளி ஒருவர் 2007இல் மிகக் கொடூரமாகத் தாக்கப்பட்டார். அவரை அடித்ததற்கு எந்த நில உரிமையும் நியாயம் ஆகாது. மாகாண அரசு 2006இலேயே அந்த மனையை வீட்டுத் திட்ட நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. 2011இல் குடியிருப்பாளர்கள், வணிகர்களின் கூட்டு வழக்கில் 2 கோடி டொலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

ஐந்தே ஆண்டில் அவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். ஆறு இனத்தார் காத்திருப்பது இரண்டு நூற்றாண்டுக்கு அருகில்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை?

அந்த வாசகத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் அதை 1942இலிருந்து தொடங்கச் சொல்கிறேன். 1982 அரசமைப்பின் 35ஆம் பிரிவு பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அங்கீகரிக்கிறது. அவர்கள் நிலத்தைப் பாதிக்கும் முடிவுக்கு முன் அவர்களைக் கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. ஆக, தடையாணை மட்டும் சட்டம் அல்ல, உடன்படிக்கையும் சட்டம். பொலிஸ்காரர் கையில் கொடுக்கப்படுவது முதலாவது தாள் மட்டும். இரண்டாவதை எடுத்துப் படிக்க வேண்டியவர்கள் ஒட்டாவாவிலும், மாகாணச் சட்டமன்றமான குயின்ஸ் பார்க்கிலும் இருக்கிறார்கள்.

2020இலும் கலிடோனியாவில் ஏதோ நடந்ததே?

ஆம். ஜூலை மாதம் வேறொரு வீட்டுத் திட்ட மனையில் இளைஞர்கள் அமர்ந்தார்கள். ஓகஸ்ட் 5 அன்று பொலிஸ் உள்ளே போனது, ரப்பர் குண்டு சுட்டது, பதிலுக்குச் சாலைகள் மறிக்கப்பட்டன. 2006இன் ஏப்ரல் காலை அப்படியே திரும்பி வந்ததுபோல இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை நிறுவனத்தோடு ஏற்கெனவே உடன்பாடு செய்திருந்தது. மரபுவழித் தலைவர்களின் சபையோ அதை ஏற்கவில்லை. இந்த இரட்டைச் சபைச் சிக்கலும் அரசு தந்ததுதான்: 1924இல் மத்திய அரசு மரபுச் சபையை நீக்கித் தேர்தல் சபையைத் திணித்தது. 2021இல் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

தமிழர்களான நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நாம் வாங்கிய வீட்டின் நிலம் இருக்கிறது. ரொறன்ரோவின் பெரும்பகுதி மிசிசாகா மக்களிடமிருந்து 1787இலும் 1805இலும் குளறுபடியான ஒப்பந்தங்களால் எடுக்கப்பட்டது. அதற்கு 2010இல் மத்திய அரசு 14.5 கோடி டொலர் கொடுத்துத் தீர்த்தது. நம்மவர் திரளாகக் குடியேறிய ஏஜாக்ஸ், விட்பி வட்டாரம் அடங்கிய பரப்புக்கான கணக்கு 2018இல்தான், 110 கோடி டொலருக்கு மேல் இழப்பீட்டோடு, முடிந்தது. வீட்டுப் பத்திரத்தில் நம் பெயர் உண்டு. அதற்கு முந்தைய பத்திரத்தின் கதையும் நம்முடையதாகிவிடுகிறது. யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. இந்த உரிமைகோரல்கள் அரசின்மேல் தொடுக்கப்படுபவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 மே 10 அன்று முள்ளிவாய்க்காலுக்காக நாம் கார்டினர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தோம். தாய்மாரும் குழந்தைகளும் நடுச்சாலையில். நகரமே திட்டியது. பொலிஸ் பொறுமையாக நின்றது, இரவில் நாம் கலைந்தோம். யாரும் சாகவில்லை. அந்தப் பொறுமை எங்கிருந்தோ விழுந்ததில்லை. அதற்குப் பின்னால் இப்பர்வாஷ் அறிக்கைக்குப் பங்கு இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். வலிகாமத்தில் முட்கம்பிக்கு அப்பால் இருக்கும் சொந்தக் காணியை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, ஸ்டோனி பொயின்ற் மக்களின் நிலையை நான் விளக்கத் தேவையில்லை.

கடைசியில் நிலம் திரும்பக் கிடைத்ததா?

பூங்காவைத் திருப்பித் தரும் உடன்பாட்டில் மாகாண அரசு 2009 மே மாதம் கையெழுத்திட்டது. சாம் ஜோர்ஜ் அதைப் பார்த்துவிட்டார். ஒரு வாரத்துக்குள் கண்ணை மூடினார். முகாம் நிலத்துக்கான இறுதி உடன்பாடு, 9.5 கோடி டொலரோடு, மத்திய அரசால் 2016இல் கையெழுத்தானது. திகதி ஏப்ரல் 14. பறிக்கப்பட்ட அதே நாள், 74 ஆண்டு கழித்து.

ஆனால் காகிதத்தில் திரும்பிய மண்ணில் உடனே போய் வீடு கட்டிவிட முடியவில்லை. ஐம்பது ஆண்டுப் பயிற்சியில் சுட்டு வெடிக்காமல் போன குண்டுகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஆட்கள் கருவிகளோடு காட்டையும் மணல்மேட்டையும் துண்டு துண்டாகப் பிரித்து, அடி அடியாகத் தட்டிப் பார்த்து, தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. 1942இல் வீட்டோடு சேர்த்துப் பெயர்க்கப்பட்ட பிள்ளைகளில் பலர், அந்த வேலை முடிவதற்குக் காத்திருந்தபடியே கெட்டில் பொயின்ற்றில் இறந்துபோனார்கள்.